கேட்டு உறுதிசெய்யப்பட்டது

மருத்துவர் அழகம்மைக்கு வெற்றுக் கட்டம் பிடிக்காது. நிரப்பாமல் விட்ட கட்டம் ஒன்று திரையில் இருந்தால், அது தன்னைப் பார்த்துப் பல்லிளிப்பதாக அவருக்குத் தோன்றும். அன்று காலை அவருக்கு எதிரே அமர்ந்திருந்த யுகேந்திரனுக்கும் வெற்றுக் கட்டங்கள் பிடிக்காது. ஆனால் அவருக்கு அதற்குச் சம்பளம் உண்டு.

காகித அட்டைகளைக் கைவிட்டு நோயாளிகளின் பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் தனியார் கிளினிக்குகளுக்கு மலேசிய அரசாங்கம் ஊக்கத்தொகை வழங்கியது. அந்தத் திட்டத்தின் மதிப்பீட்டாளராக யுகேந்திரன் ஷா ஆலமிலிருந்து கிள்ளானுக்கு வந்திருந்தார். முதல் தவணை முன்பே வந்து, கணினிகளாகவும் மென்பொருளாகவும் மாறிவிட்டது. இரண்டாம் தவணைக்கு அவருடைய கையெழுத்து வேண்டும். பதிவுகளில் குறை கண்டால் அவர் கையெழுத்திட மாட்டார். அப்போது முதல் தவணையையும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி.

"பிரமாதமா இருக்கு டாக்டர்," என்றார் யுகேந்திரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போன வாரம் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே ஒண்ணு. எல்லாரும் ஜனவரி ஒண்ணாந்தேதி பிறந்தவங்க. ஊரே ஒரே நாள்ல பிறந்திருக்கு."

"இங்கே அப்படி இருக்காது," என்றார் அழகம்மை.

"தெரியுதே. எங்கேயும் ஓட்டை இல்ல."

அதைக் கேட்டு அழகம்மை மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, மேசைக்கடியில் அவருடைய வலது கட்டைவிரல் சுட்டுவிரலின் நகத்தை ஓயாமல் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஓட்டை இல்லாமற்போனதற்கு ஒரு வரலாறு உண்டு. இந்தக் கிளினிக்கை முன்பு நடத்திய மருத்துவர் ராதாகிருஷ்ணன், ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை என்னும் வழக்கம் உடையவர். அட்டையின் தலையில் குடும்பத் தலைவரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே அவருடைய சர்க்கரை, மனைவியின் தொண்டைவலி, பிள்ளைகளின் காய்ச்சல் எல்லாம் ஒரே வரிசையில் கலந்து கிடக்கும். அவர் காலமான பின் கிளினிக்கை ஏற்றுக்கொண்ட அழகம்மை, மனம் சலித்துக்கொண்டே அந்த அட்டைகளைப் பராமரித்தார். புதிய முறைக்கோ ஆளுக்கொரு பதிவு வேண்டும். ஒவ்வொருவருக்கும் எந்த மருந்து ஒவ்வாது என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும். அதற்குக் கீழே, 'நோயாளியிடம் கேட்டு உறுதிசெய்யப்பட்டது' என்ற வரியின் முனையில் மருத்துவர் தம் கையால் ஒரு குறியிட வேண்டும். குறி இல்லாத பதிவு, பதிவாகக் கணக்கில் வராது.

சில அட்டைகளின் தலையில் ராதாகிருஷ்ணன் சிவப்பு மையில் ஒரு மருந்தின் பெயரை எழுதி, 'கூடாது' என்று இருமுறை அடிக்கோடிட்டிருந்தார். யாருக்குக் கூடாது என்று எழுதவில்லை. ஒரு மருத்துவர் இவ்வளவு கவனக்குறைவாக இருக்க முடியுமா என்று அழகம்மை வியந்தார். அட்டைகளில் இருந்த தொலைபேசி எண்கள் பலவற்றுக்கு உயிர் இல்லை. காலக்கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியே அமர்ந்து, சிவப்பு எழுத்துக்கு அருகில் யாருடைய வருகை குறிக்கப்பட்டிருக்கிறது, அன்று என்ன மருந்து கொடுக்கப்பட்டது, அடுத்த முறை அது யாருக்கு மாற்றப்பட்டது என்றெல்லாம் ஆராய்ந்து, அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒவ்வாமையைப் பங்கிட்டுக் கொடுத்தார். அதை ஊகம் என்று அவர் நினைக்கவில்லை. முடிவு என்று நினைத்தார். பிறகு எல்லாப் பதிவுகளிலும் குறியிட்டார்.

யுகேந்திரன் அடுத்த பதிவைத் திறக்கக் கையை நீட்டியபோது, கதவைத் தட்டாமலேயே மலர் தலையை நீட்டினாள். முன்மேசையைக் கவனித்துக்கொள்வதும் மருந்து எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலை.

"டாக்டர், ஹாஸ்பிட்டல்ல இருந்து போன். எமெர்ஜென்சியாம். நான் இங்க தட்டி விடறேன்."

அவள் தட்டிவிட்ட அழைப்பு, மேசைத் தொலைபேசியின் ஒலிபெருக்கியில் அறை முழுவதும் கேட்டது.

"டாக்டர், நான் நவீன், எமெர்ஜென்சியில டூட்டி டாக்டர். உங்க பேஷண்ட் ஒருத்தர் இங்க இருக்கார், தம்புசாமி. லோரி டிரைவர். போர்ட் கேட்டுல லோரி லைன்ல நிக்கும்போது மயங்கி விழுந்துட்டார். சுகர் பேஷண்ட். கால் வீங்கிக் கறுத்துப் போயிருக்கு, பிரஷர் இறங்கிட்டே வருது. பேச்சு குழறுது, அவர்கிட்ட ஒண்ணும் கேட்க முடியல."

"வீட்டுக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்ல. பின்னாடி லோரிக்காரர்தான் கொண்டு வந்தார். பேர் கேட்டா, 'பேரு தெரியாது பாஸ், லோரி நம்பர் வேணும்னா சொல்றேன்'ங்கறார். அப்புறம் பாக்கெட்டுல இருந்த ஐசி, அடையாள அட்டையை வச்சு சிஸ்டத்துல தேடினேன். உங்க ரெக்கார்ட் வந்துச்சு. சூப்பர் லா டாக்டர். இவ்வளவு முழுசா ஒரு ரெக்கார்டை நான் பார்த்ததே இல்ல."

யுகேந்திரன் புன்னகைத்தார். திட்டத்தின் நோக்கமே இதுதான் என்பது போல் ஒருமுறை தலையசைத்தார்.

"பென்சிலின் வகை மருந்து ஏத்தப் போறேன், பெரிய டோஸ். அலர்ஜி இல்லன்னு போட்டிருக்கீங்க, கேட்டு வெரிஃபைட்டுன்னும் இருக்கு. நர்ஸ் ரெடியா நிக்கறாங்க. சும்மா ஒரு வார்த்தை கன்ஃபர்ம் பண்ணிடுங்க."

தம்புசாமியின் குடும்ப அட்டை அழகம்மையின் கண்ணில் நின்றது. பென்சிலின் கூடாது. சிவப்பு மை, இரண்டு அடிக்கோடுகள். அதற்கு நேர் கீழே மனைவி வீரம்மாவின் தொண்டைவலி. ஆகவே ஒவ்வாமை வீரம்மாவுக்கு; தம்புசாமிக்கும் மகனுக்கும் இல்லை. அன்று அந்த முடிவுக்கு வர அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

'ஆமாம்' என்றால் போதும். அது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். யுகேந்திரன் கையெழுத்திடுவார், நவீன் மருந்து ஏற்றுவார், தம்புசாமி பிழைத்துக்கொள்வார். 'வாய்ப்பு அதிகம்' என்பதைத் தாண்டித்தான் அவரால் போக முடியவில்லை.

"டாக்டர்? லைன்ல இருக்கீங்களா?"

"ஏத்தாதீங்க," என்றார் அழகம்மை.

"என்ன டாக்டர்?"

"பென்சிலின் கொடுக்காதீங்க. அந்தப் பதிவை நம்பாதீங்க."

"அப்ப அலர்ஜி இருக்கா?"

"தெரியாது."

"தெரியாதா? வெரிஃபைட்டுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"நான்தான் போட்டேன். அவரைக் கேட்டுப் போடல. அந்த வீட்டுல யாரோ ஒருத்தருக்குப் பென்சிலின் ஆகாது. அது யாருன்னு எனக்குத் தெரியாது."

அழகம்மை யுகேந்திரனைப் பார்க்கவில்லை. அவருடைய நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது மட்டும் கேட்டது.

மறுமுனையில் நவீன் யாரிடமோ, "வெயிட், வெயிட், கனெக்ட் பண்ணாதீங்க," என்று சத்தமிட்டார். திரும்பி வந்தபோது அவர் குரலில் முன்பிருந்த இணக்கம் இல்லை. "டாக்டர், அவர் கிட்னி ரீடிங் நல்லா இல்ல. பென்சிலினுக்குப் பதிலா என்கிட்ட இருக்கிற பெரிய மருந்து கிட்னியை அடிக்கும். இப்போதைக்கு வேற ஒண்ணு ஆரம்பிக்கிறேன், ஆனா அது மட்டும் பத்தாது. எனக்குப் பதில் வேணும். சீக்கிரம் வேணும்."

"கேட்டுச் சொல்றேன். லைனை வைங்க."

மலர் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"தம்புசாமி வீட்டு நம்பர் எதுவும் வேலை செய்யாது, மலர். வேற வழி ஏதாவது..."

"வீரம்மாக்கா நம்பரா? என்கிட்ட இருக்கே டாக்டர். எங்க அண்ணன் கல்யாணத்துக்கு அவங்கதானே கேட்டரிங்."

அந்த எண், அந்த ஞாயிற்றுக்கிழமையும், பத்தடி தொலைவில் அமர்ந்து வேலை பார்க்கும் ஒருத்தியின் கைப்பேசியில் இருந்திருக்கிறது. அழகம்மை அதைப் பற்றி இப்போது நினைக்க விரும்பவில்லை.

மலர் அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். ஓய்ந்தது. மூன்றாம் முறை, பாத்திரங்கள் மோதும் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல், "ஹலோ, இன்னிக்கு ஆர்டர் ஃபுல் லா, நாளைக்குக் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுத் துண்டித்தது.

"அலாமாக்!" என்றாள் மலர். "அது அவங்க ஆளு. இப்ப ஃபாக்டரி கேண்டீன்ல சாப்பாடு போடற நேரம் டாக்டர். வீரம்மாக்கா போனைத் தொடவே மாட்டாங்க."

"விடாமக் கூப்பிடு."

யுகேந்திரன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எந்த ஃபாக்டரி?"

"ஷா ஆலம்ல. எந்த ஏரியா, எந்த செக்‌ஷன் தெரியல சார்."

அவர் தம் கைப்பேசியை எடுத்து, ஏதோ தேடப் போகிறவர்போல் விரலை வைத்துவிட்டு, ஷா ஆலமில் எத்தனை தொழிற்சாலைகள் இருக்கின்றன என்பது நினைவுக்கு வந்தது போலும், கீழே வைத்துவிட்டார்.

மேசைத் தொலைபேசி ஒலித்தது. நவீன்தான். "டாக்டர், பிரஷர் இன்னும் இறங்குது. ஸ்பெஷலிஸ்ட் கேட்கறார், கிளினிக் என்ன சொல்லுதுன்னு. என்ன சொல்லட்டும்?"

"இன்னும் கேட்கலன்னு சொல்லுங்க."

"டாக்டர், உங்களுக்கு என்ன தோணுது? சும்மா ஒரு கெஸ்."

ஞாயிற்றுக்கிழமை அழகம்மை செய்ததையே இப்போது வாயாலும் சொல்லச் சொல்கிறார்கள். "கெஸ் ஏற்கெனவே உங்க திரையில இருக்கு," என்றார் அழகம்மை. "அதைத்தான் நம்பாதீங்கன்னேன். மனைவியைப் பிடிச்சிட்டு இருக்கோம். கொஞ்சம் தாங்குங்க."

"நான் தாங்குவேன். அவர் தாங்கணும்ல."

அவர் வைத்துவிட்டார். அதே நேரத்தில் மலர் கையை உயர்த்தினாள். "அக்கா, வைக்காதீங்க! மலரு பேசறேன், கிளினிக் மலரு. ஆர்டர் இல்லக்கா, ஆர்டர் இல்ல. ஐயோ, வீரம்மாக்காகிட்டக் கொடுங்க. உயிர் போற விஷயம்."

ஒலிபெருக்கியை இயக்கி, கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். கரண்டிச் சத்தம், மலாய் மொழியில் யாரோ இருவர் வாக்குவாதம், பிறகு மூச்சு வாங்கும் குரல். "யாரு மலரா? என்னாடி, உயிரு கியிருங்கற?"

"வீரம்மாக்கா, நான் டாக்டர் அழகம்மை. ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டுல பென்சிலின் யாருக்கு ஆகாது?"

"எதுக்குக் கேக்கறீங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"முதல்ல இதைச் சொல்லுங்க. யாருக்கு?"

"சிவாவுக்கு. என் மவனுக்கு. மூணு வயசுல உடம்பெல்லாம் தடிச்சு, மூஞ்சி வீங்கி, மூச்சு முட்டி... பழைய டாக்டர்தான் காப்பாத்துனாரு."

சிவாவின் பதிவில், 'இல்லை' என்று நிரப்பி, கேட்டு உறுதிசெய்யப்பட்டது என்று அழகம்மையே குறியிட்டிருந்தார்.

"உங்களுக்கு?"

"எனக்கு என்னா? நான் கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

"அப்புறம் ஏன் பழைய டாக்டர் சிவா பேரை எழுதாம, அட்டைக்கே பொதுவாக் கூடாதுன்னு எழுதியிருக்கார்?"

வீரம்மா சிரித்தார், அந்த அறையில் அன்று கேட்ட முதல் சிரிப்பு அதுதான். "நாங்க ஒருத்தருக்குக் கொடுத்த மாத்திரையை மூணு பேரும் திங்கறவங்க டாக்டர். மிஞ்சுனதைத் தூக்கிப் போட மனசு வராது. அவருக்குக் கொடுத்த மாத்திரையில மிச்சத்தைத்தான் பையனுக்குக் கொடுத்துட்டேன், சளின்னு. பழைய டாக்டரு என்னை அந்த ஏச்சு ஏசுனாரு. 'பேரு எழுதி என்னா புண்ணியம், உன் வீட்டுக்குள்ளயே இந்த மருந்து நுழையக் கூடாது'ன்னு சொல்லித்தான் சிவப்புல எழுதுனாரு. நீங்க கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே. தீபாவளிக்கு முன்ன முதுகுவலின்னு வந்தேன்ல?"

வந்திருந்தார். அழகம்மைக்கு நினைவிருந்தது. முதுகை மட்டுமே பார்த்து அனுப்பியிருந்தார்.

பெயர் எழுத மறந்த மருத்துவர் அல்லர் ராதாகிருஷ்ணன். அந்த வீட்டில் மாத்திரைகளுக்குப் பெயர் கிடையாது என்பதை அறிந்து, வீட்டுக்கே தடை எழுதியவர்.

"வீரம்மாக்கா, உங்க வீட்டுக்காரர் எப்பவாவது பென்சிலின் எடுத்திருக்காரா? அந்த மாத்திரைக்கு அப்புறம்?"

"ஈப்போவுல மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்தாருல்ல, அப்ப அங்க ஆஸ்பத்திரியில ஏத்துனாங்க. அவங்களும் இதையேதான் கேட்டாங்க. மவனுக்குத்தான் ஆகாது, இவருக்குத் தெரியலன்னேன். கொஞ்சமாப் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் ஏத்துனாங்க. ஒண்ணும் ஆகல. டாக்டர்..." குரல் மாறியது. பின்னாலிருந்த இரைச்சலும் தணிந்தாற்போல் இருந்தது. "அவருக்குத்தானே? அவருக்கு என்னாச்சு?"

அழகம்மை சொன்னார். கால், மயக்கம், எந்த மருத்துவமனை என்பதை ஒளிக்காமல், சுருக்கமாகச் சொன்னார். மறுமுனையில் வீரம்மா, "குமுதா! அடுப்பைப் பார்த்துக்கோடி!" என்று யாரையோ பார்த்துக் கத்தியதும், ஓடும் காலடிகளும் கேட்டன.

அழகம்மை மருத்துவமனையை அழைத்தார். நவீன் முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஒவ்வாமை மகனுக்கு. தம்புசாமிக்கு ஈப்போவில் ஏத்தியிருக்காங்க. முதல்ல கொஞ்சம் கொடுத்துச் சோதிச்சிருக்காங்க, எதுவும் ஆகல. இதை மனைவி சொன்னாங்க. மனைவி சொன்னதா எழுதிக்கங்க. நான் சொன்னதா எழுதாதீங்க."

"மனைவி நேரடியாச் சொன்னாங்களா?"

"இப்பத்தான், என் காதுல."

"ஓகே. நானும் முதல்ல கொஞ்சமாக் கொடுத்துப் பார்த்துட்டு ஏத்தறேன். தேங்க்ஸ் டாக்டர்." சற்றுத் தயங்கினார். "உங்க மத்த ரெக்கார்ட்?"

"எல்லாத்தையும் ஒருமுறை கேட்டுக்குங்க. நான் மாத்தற வரைக்கும்."

தொலைபேசியை வைத்தபின் அழகம்மை முதலில் சிவாவின் பதிவைத் திறந்தார். 'இல்லை' என்பதை அழித்து, 'பென்சிலின், கடுமையான எதிர்வினை' என்று எழுதினார். மாற்றத்துக்குக் காரணம் கேட்டது கணினி. தேர்ந்தெடுக்க மூன்று விடைகளையும் தந்தது: தட்டச்சுப் பிழை, நோயாளி தரப்பிலிருந்து புதிய தகவல், பிற.

யுகேந்திரன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "டாக்டர், நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல நம்ம ஆளுங்க நடுவுல வளர்ந்தவன். எங்க வீட்டுலயும் இந்தக் கூத்துதான். அப்பா பிரஷர் மாத்திரையைச் சித்தப்பா கடன் வாங்குவார்." திரையில் இரண்டாவது விடையை விரலால் சுட்டினார். "இது பொய் இல்லயே. இப்பத்தானே அந்த அம்மா புதுசாச் சொன்னாங்க. நான் இன்னிக்குப் பார்க்கவேண்டிய பதிவுகள்ல இந்த வீட்டுல தம்புசாமி மட்டும்தான் இருக்கார். அவருடையது சரியாத்தானே இருக்கு?"

அவர் இரங்கித்தான் சொன்னார். அழகம்மைக்கு அது தெரிந்தது. அதனால்தான் மறுப்பது கடினமாக இருந்தது.

"சரியா இருக்கறது தற்செயல்," என்றார். "இந்த மாதிரி அறுபது வீட்டுக்கு மேல இருக்கு, மிஸ்டர் யுகேந்திரன். அதுல எது சரி, எது சிவா மாதிரின்னு எனக்குத் தெரியாது. ஆனா நாட்டுல எந்த ஹாஸ்பிட்டல்ல தட்டினாலும் எல்லாமே கேட்டு உறுதிசெஞ்சதாத்தான் வரும்."

"இதை நான் ரிப்போர்ட்ல எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

"விதியை நானும் படிச்சிருக்கேன்."

அழகம்மை சுட்டியை மூன்றாவது விடைக்கு நகர்த்தினார். 'பிற' என்பதை அழுத்தியதும் ஒரு வெற்றுக் கட்டம் திறந்தது. அதில், 'நோயாளியையும் குடும்பத்தாரையும் கேட்காமல் மருத்துவரே நிரப்பியது' என்று ஒற்றெழுத்தும் பிசகாமல் எழுதினார். பிறகு தம்புசாமியின் குறியை நீக்கினார். வீரம்மாவின் குறியை நீக்கினார். அடுத்த குடும்பத்துக்குப் போனார். அதையும் நீக்கினார். திரையின் மூலையில் முழுமையைக் காட்டும் பச்சைப் பட்டை ஒவ்வொரு நீக்கத்துக்கும் மயிரிழையளவு குறுகியது. ஊக்கத்தொகைக்கான கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியதும் அது மஞ்சளாக மாறி, 'நிச்சயமாகத் தொடரவா?' என்று கேட்டது. தொடர்ந்தார்.

யுகேந்திரன் தம் அறிக்கையைத் திறந்து எழுதத் தொடங்கினார். என்ன எழுதினார் என்று அழகம்மை எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மேசைத் தொலைபேசியில் நவீனின் குரல் வந்தது. மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, தடிப்போ மூச்சுத்திணறலோ இல்லை, பிரஷர் இறங்குவது நின்றிருக்கிறது. கால் தப்புமா என்பதை இப்போது சொல்ல முடியாது. மனைவி வந்துவிட்டார், வந்ததும் வராததுமாகச் செவிலியரிடம் மிளகாய்த்தூள் படிந்த கையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"மலர்," என்று அழகம்மை கூப்பிட்டார். "சிவப்பு எழுத்து இருக்கற அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு வா. நம்பர் செத்துப்போனதுக்கு உன் கல்யாண வீட்டு ஆளுங்க, கோயில் குரூப், யாரைக் கேட்டாவது கண்டுபிடி."

"இன்னிக்கேவா டாக்டர்? வெளிய ஏழு பேஷண்ட் உட்கார்ந்திருக்காங்க."

"அவங்க கிட்டயிருந்தே ஆரம்பி."

மலர், காத்திருந்த ஏழு பேரில் சிவப்பு எழுத்து வீட்டார் எவரும் இல்லை என்று பார்த்துவிட்டு, அட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து மேசையில் இறக்கினாள். முதல் அட்டையில் இருந்த எண்ணை அழுத்தி, நல்லவேளையாக அது உயிரோடு இருப்பதைக் கண்டு, கைப்பேசியை நீட்டினாள்.

"வணக்கம்," என்றார் அழகம்மை. "கிளினிக்கில் இருந்து பேசறேன். நான் முன்னாடியே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி."